இரண்டு தலை ஒயர்

பார்வை இல்லாத பாட்டு டீச்சர் ஒருவர் லேப்டாப்பில் ஒயரைச் செருக முடியாமல் தடவித் தடவித் தவித்தார். ஒயர் அண்ணன் அதை வாங்கி, முனையின் மேல்பக்கம் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காயவிட்டுக் கொடுத்தார். இனி விரல் பட்டாலே எது மேல், எது கீழ் என்று தெரிந்துவிடும். அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற எம்ப்ராய்டரி அக்கா பார்த்ததால்தான் நமக்கே தெரிகிறது.

கம்ப்யூட்டர் கடையின் பின்மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்து ரிப்பேர் பார்த்த மனிதர் அவர். "தூக்கிப் போடு" என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

அக்காவின் தையல் மெஷின் ஒரே ஒரு பழைய லேப்டாப்பின் பேச்சைத்தான் கேட்கும். பன்னிரண்டு வருஷமாக வரைந்த டிசைன் எல்லாம் வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க்கில். திங்கட்கிழமைக்குள் நர்ஸுகளின் சட்டைக்கு எண்பது பேட்ஜ் தைத்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் ஒயர் செருகுகிற இரண்டு ஓட்டைகளில் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது. அடாப்டர் ஏதாவது கிடைக்குமா என்று கடைக்கு வந்தாள்.

மேனேஜர் டிஸ்க்கின் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். லேப்டாப் பக்கம் அதற்கு இரண்டு தலை.

"ரெண்டு எதுக்கும்மா? ஒண்ணு சும்மா தொங்குது."

பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. கத்திரியை எடுத்து ஒன்றை வெட்டிவிட்டு, மிச்சத்தை நல்ல ஓட்டையில் செருகினார். டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. திறக்கவில்லை.

"டிஸ்க் செத்துப்போச்சு. லேப்டாப்பும் கிழடு. ரெண்டையும் புதுசா வாங்கிடுங்க."

அக்கா டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். கடவுளே, கொண்டுவரும்போது உயிரோடுதானே இருந்தது.

பின்மேசை நாற்காலியை நகர்த்தி ஒயர் அண்ணன் எழுந்தார். "சாகல சார், பட்டினி கிடக்கு. பழைய லேப்டாப் ஒரு ஓட்டையில குடுக்கிற கரண்ட் இதுக்குப் பத்தாது. அதுக்குத்தான் ரெண்டாவது தலை. அதைத்தான் நீங்க வெட்டிட்டீங்க."

"கஸ்டமர் முன்னாடி எனக்கே பாடம் எடுக்கிறியா?"

ஒயர் அண்ணன் தன் மேசையிலிருந்து, சுவரில் செருகுகிற பல ஓட்டைப் பெட்டியான ஹப்பைக் கொண்டுவந்து லேப்டாப்பின் நல்ல ஓட்டையில் மாட்டினார். ஹப்புக்குச் சுவரிலிருந்து கரண்ட், டிஸ்க்குக்கு ஹப்பிலிருந்து. டிக் டிக் நின்றது. டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

வெட்டிய மனிதர் அக்காவிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. ஒயர் அண்ணனைப் பார்த்து, "நாளையிலிருந்து வராதே" என்றார். பதினாறு வருஷத்துக்கு அந்த இரண்டு சொல்தான். இப்போது நினைத்தாலும் அக்காவுக்கு ஆறாது.

தன் ஹப்பை அவள் பையில் போட்டுவிட்டு ஒயர் அண்ணன் படியிறங்கினார். அக்கா பின்னாலேயே ஓடினாள்.

"கத்திரி பிடிச்சவன் நாற்காலியில உட்கார்ந்திருக்கான், நீங்க தெருவுல நிக்கிறீங்க. இது என்ன நியாயம் அண்ணே? வாங்க, உள்ள போய்க் கேட்போம்."

பிறகு அவர் எந்த ஊரில், எந்த மேசையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அன்று அவர் சொன்னது இதுதான்:

"கேட்க நேரம் இல்ல தங்கச்சி, திங்கக்கிழமை பேட்ஜ் போகணும். வீட்டுக்குப் போனதும் இன்னொரு டிஸ்க்குல காப்பி எடு. அப்புறம் எனக்காக அழு."