ஒன்றும் தெரியாதவள் உட்காரும் நாற்காலி

அவள் கணினி முன் உட்கார்ந்ததும் அவர் பின்னால் போய் நின்று, வலது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொள்வார். பதினோரு வருடமாக இதே பழக்கம். வாயைத் திறந்தால் வழி சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் சோதனை கெட்டுப்போகும்.

அவர் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக்கு வந்தால் வேறு வேலை. எந்த மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றை, நேரில் பார்த்தே இராத ஐந்து பேருடன் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்திருந்தார். கணக்கு சரியாகத்தான் வரும். அதை அடுத்தவர் கணினியில் நிறுவுவதுதான் பெரும்பாடு. யார் யாரோ எழுதிய இருபது துணை மென்பொருள்கள் கூடவே வேண்டும், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பதிப்பாக. ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். கணினியில் ஏறவில்லை என்று தினமும் யாராவது எழுதுவார்கள்.

"என் மெஷின்ல நல்லா ஓடுதே!" என்று புலம்புவார். அவருடைய கணினியில் எல்லாமே ஏற்கெனவே இருந்தது, ஓடாமல் என்ன செய்யும்? அதனால் ஒரு பழைய கணினியை வாங்கினார். ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்தாற்போல அழித்து, நிறுவும் முறையைச் சொல்லும் பக்கத்தைத் திறந்துவைத்து, ஒன்பதாவதோடு படிப்பை விட்ட மனைவியைக் கூப்பிடுவார்.

"வா, உட்காரு. உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

"அம்மாதான் அப்பாவோட சோதனை எலி," என்பாள் மகள்.

"எலிக்காவது தின்ன ஏதாவது குடுப்பாங்க," என்பாள் இவள், அவர் காதில் விழாதபடி.

எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிப்பாள். எங்கேயாவது நின்றுவிட்டால், "இதுக்கு முன்னாடி ஏதோ விட்டுப்போயிருக்குங்க," என்பாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வரியைச் சேர்ப்பார். அந்தப் பக்கத்தில் இருந்த பதினான்கு வரிகளில் ஒன்பது அப்படி வந்தவை. அடியில் ஆறு பேருடைய பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை.

போன வருடம், விட்ட படிப்பை முடிக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தனியாகப் பத்தாவது பரீட்சை எழுத விண்ணப்பித்தாள். பாடங்களைக் கேள்வி பதிலாகச் சுருக்கி, அந்தப் பழைய கணினியில் ஒற்றை விரலால் அடித்து வைத்தாள். நாற்பத்திரண்டு பக்கம்.

"என்னங்க, பரீட்சை முடியற வரைக்கும் இதை அழிச்சிடாதீங்க."

"நான் ஏன் தொடப்போறேன்? நிம்மதியா இரு."

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு பெரிய ஆய்வு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் நிறுவ முடியாவிட்டால் வேறு மென்பொருளுக்குப் போய்விடுவார்களாம். அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை. வா, வா."

உட்கார்ந்தாள். திரையில் ஒன்றுமே இல்லை.

"என் பாடமெல்லாம்?"

அவர் வாயிலிருந்து கை இறங்கியது. "ஐயோ," என்றார். பிறகு, "வேற எங்கேயும் காப்பி எடுத்து வைக்கலையா நீ?" என்று கேட்டார்.

அவள் பக்கத்தைப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள். நான்கு வரி முடிந்ததும், அடுத்ததில் நின்றுவிடும் என்று தெரிந்துவிட்டது. ஒரு துணை மென்பொருளின் பழைய பதிப்பை முதலில் ஏற்றவேண்டும். பக்கத்தில் அது இல்லை. பதினோரு வருடம் பார்த்த கண்ணுக்கு அந்த நான்கு வரியே போதும். இல்லாத வரியைத் தானே அடித்துவிட்டு மேலே போனாள். அவர் கவனிக்கவில்லை. அவருக்கும் அந்த வரி மனப்பாடம். பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடுதுங்க," என்றாள்.

எங்களிடம் ஓடுகிறது, பக்கத்தில் உள்ளபடி செய்யுங்கள் என்று அவர் பதில் எழுதினார். அங்கே ஓடவில்லை. மறுபடி அழித்தார், மறுபடி அவளை உட்காரவைத்தார், மறுபடி ஓடியது.

"ஒண்ணுமே தெரியாத நீயே ஏத்திட்ட. அத்தனை படிச்சவங்களுக்கு என்ன வந்துச்சு?"

திங்கட்கிழமை ஆய்வு நிலையம் விலகிக்கொண்டது. அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பரீட்சைக்குப் போகவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் அவர் கணினியை அழிக்கிறார், அவள் உட்காருகிறாள், அவர் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நிற்கிறார். ஏறவில்லை என்று கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வரி இன்னும் பக்கத்தில் இல்லை.