ஏனுங்க சாமி, எதுக்குங்க?

எங்கள் மகளுக்கு அந்த வருடம் புதுநன்மை கொடுப்பதாக இருந்தது. கோடை விடுமுறையில் அதற்காக மாதா கோயிலுக்கு ஞானோபதேசம் படிக்கப் போனாள். முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கென்று என் மனைவி ஆட்டையாம்பட்டியில் துணி எடுத்து, வெள்ளைக் கவுனைத் தானே தைத்தாள். கைக்கு லேஸ் வைப்பதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. விட்டுவிட்டு வந்தது. கால் வலிக்கிறது என்றாள். லேசாக இடித்துக்கொண்டாலும் நீலம் கட்டியது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள்.

நான் நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஏற்றிச் சேலம் கடைகளில் இறக்கும் வண்டி ஓட்டுகிறேன். லோடு இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவேன். மனைவி பிள்ளையின் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீரைக்கூட அழுதுகொண்டேதான் விழுங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம் என்னிடம் கேட்டாள்: "அப்பா, நான் சாமிகிட்ட நெசமாத்தான் வேண்டிக்கிறேன். அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும் கண்ணு."

"அப்புறம் ஏன் வலி நிக்கமாட்டீங்குது?"

அவளுடைய உள்ளங்காலைத் தேய்த்துவிட்டேன்.

இனி நாள் அதிகமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, எங்கள் கோயிலின் பங்குச் சாமியார் வார்டுக்கே வந்து புதுநன்மை கொடுத்தார். விழுங்க முடியாதே என்று நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். மெலிந்த உடம்பில் அந்தக் கவுன் தோளை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் அந்தக் கவுனோடுதான் அவளை அடக்கம் செய்தோம்.

துக்கத்துக்கு வந்த ஒரு பெரியம்மா, "ஆண்டவருக்குப் புடிச்ச பூவு, பறிச்சுக்கிட்டாரு" என்று என் மனைவியைத் தேற்றினார்.

"அவரு தோட்டத்துல பூவே இல்லீங்களா?" என்று இவள் மெதுவாகக் கேட்டாள்.

அவள் செபத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. விளக்கு வைத்ததும் வழக்கம்போல மாதா படத்தின் முன் முழங்காலிட்டாள். செபமெல்லாம் முடிந்தபின் எழுந்திருக்காமல் பேச ஆரம்பித்தாள். செபங்களில் நாங்கள் ஆண்டவரை 'நீர்' என்றுதான் சொல்வோம். அன்று அவள், வீட்டுக்கு வந்த பெரியவரிடம் பேசுவதுபோல, எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, எதுக்குங்க எடுத்துக்கிட்டீங்க? உங்களைக் குத்தம் சொல்லலீங்க. நீங்க குடுத்த புள்ளைதானுங்க. ஆனா அத்தனை வலி எதுக்குங்க? அதை மட்டும் சொல்லுங்க."

குரல் உயரவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழுந்து உலை வைக்கப் போனாள். அன்று தொடங்கி தினமும் கேட்டாள். நான் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் பிள்ளை பிழைக்க வேண்டுமென்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தவர். இவள் பேசுவது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "நானும் எங்க ஆத்தாளைக் கேட்டுப்போட்டேன் கண்ணு. அவளும் ஒண்ணும் சொல்லமாட்டீங்குறா" என்றார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கும் ஞாயிறு வந்தது. போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவகூடப் படிச்ச புள்ளைக. போகாட்டி நல்லாருக்காதுங்க" என்றாள்.

வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நடந்து வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்ததும் ஒரு சிறுமி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தத் தலையைத் தடவிக் கொடுத்து, "நல்லா இரு கண்ணு" என்றாள்.

அன்று சாயங்காலம் முழங்காலிட்டாள். அவளால் பேச முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவளுக்காக நான்தான் வாய் திறந்தேன்.

"சாமி, உங்களை உட்டா எங்களுக்கு வேற போக்கிடம் இல்லீங்க. அதனாலதான் கேக்கறோம். புள்ளைக்கு இப்பவாச்சும் வலி இல்லீங்களா?"

வெளியே யாரோ மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் என் தோளில் சாய்ந்து, அடக்கத்துக்குப் பின் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.