பன்னுக்கு மட்டும் நன்றி

பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார் மேவிஸ் தாக்ஸ்டர். திறக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்துத் தேதி போட்டு, "ஏழு நாற்பது. மூடியிருக்கிறது" என்று எழுதுகிறார். மழையானாலும் பனியானாலும் இரண்டு ஆண்டுகளாக எங்கள் கிராமமான நெதர் கோல்பியில் அன்றாடம் நடக்கும் முதல் காரியம் இதுதான். அவருக்கு எண்பத்திரண்டு வயது. பெல்சாம் குடும்பத்துப் பெரிய வீட்டின் மதிலை ஒட்டிப் போகும் பால்வாளிச் சந்தின் வாசலில் அந்த இரும்புக் கதவு நிற்கிறது.

திரும்பி வரும் வழியில் எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வருவார். வண்டியை ஒதுக்கிய தபால்காரருக்கு, வழிவிட்ட நாய்க்கு, ஒருமுறை ரொட்டி சுடும் இயந்திரத்துக்கு. என் சமையலறை ஜன்னலுக்கும் அவருடையதற்கும் நடுவே ஒரு வேலிதான், காதால் கேட்டேன். "வாயில பழகிப்போச்சு. சின்ன வயசுல நன்றிய அடிச்சே பழக்குனாங்க" என்பார்.

முப்பத்தொரு ஆண்டுகள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்தவர். புஜம் இன்னும் உருளைக்கிழங்கு மசிக்கும் புஜம். சந்தின் மறுமுனையில் இருந்த அந்தப் பள்ளி மூடப்பட்டு, இப்போது பிள்ளைகள் அங்கே நகரத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். சந்து திறந்திருந்தால் ஆறு நிமிடம். மூடியதால், ஊராட்சி கட்டிய எட்டு வீடுகளின் பிள்ளைகளும் நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையின் ஓரமாகப் போகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சந்தை மூடிய முதல் குளிர்காலத்தில், ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி ஒரு சிறுமியின் புத்தகப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அன்று மாலைதான் மேவிஸ் நோட்டு வாங்கினார்.

சட்டம் எளிது. ஒளியாமல், தடையில்லாமல், யாரையும் கேட்காமல் இருபது ஆண்டுகள் ஊரார் நடந்த வழி ஊருடையது. எவரேனும் அனுமதித்து நடந்திருந்தால் அது அவருடைய தயவு. தயவை நினைத்த அன்று நிறுத்தலாம். பெரிய வீட்டின் இப்போதைய சொந்தக்காரர், கதவுக்குப் பூட்டுப் போட்ட ரூபர்ட் பெல்சாம், அதைத்தான் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க அன்பா விட்டு வெச்ச வழி." ரூபர்ட் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே அவருக்கு வாய்த்ததில்லை.

வழி ஊருடையது என்று மேவிஸ் அரசுக்கு மனு போட்டார்; அதற்குப் பழைய ஆட்களின் பிள்ளைப்பருவ ஞாபகம் சாட்சியமாக வேண்டும். மேவிஸ் வீடு வீடாகப் போனார். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கவே மாட்டார், கேட்டால் வெயிலும் பூவும்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய கேள்வி ஒன்றே: "பள்ளிக்கூடம் போறப்ப எந்தக் கால் நனைஞ்சது?" மதிலுக்குள்ளிருந்த கிணற்றுக் குழாய் ஒழுகி, சந்தின் இடப்பக்கம் எப்போதும் சேறு. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத ஏழு கிழடுகள் தனித்தனியே "இடது" என்றார்கள். அதை எழுதி வாங்கிய ஏழு தாள்களும் காலி கஸ்டர்டு டப்பாவில் இருக்கின்றன.

எட்டாவது தாள்தான் சிக்கல். ஊரார் பெரிய துரை என்று சொல்லும் ரூபர்ட்டின் தாத்தா காலத்திலிருந்தே பெரிய வீட்டில் தோட்டக்காரராக இருந்த ரெக் குட்ரம், தொண்ணூறு வயது.

"பெரிய துரை தங்கமான மனுஷன், மேவிஸு. நம்மள நடக்க விட்டாரே."

"விட்டாரா? என்னிக்கு? என்ன சொன்னாரு?"

"சொல்லல. பாத்தா தலையாட்டுவாரு."

"நீ தொப்பியக் கழட்டுன. அதுக்கு ஆட்டுனாரு. கழட்டாம நடந்து பாத்தியா?"

"அது எப்படிடீ கழட்டாம?"

"அதான் கேக்குறேன், கெழவா!"

அறுபது ஆண்டுகள் உழைத்த மனிதர், ஓய்வு பெற்ற மாதமே வேலையோடு கொடுத்த வீட்டைக் காலி செய்தவர், இன்னும் நன்றிக்கடன் பட்டவராகப் பேசுகிறார். சங்கிலியை இப்படி உள்ளே பூட்டிவிட்டால் வெளியே காவலாள் தேவையில்லை.

விசாரணை ஊர்மன்றத்தில் நடந்தது. அரசு அனுப்பிய அதிகாரி, ஒல்லியான பெண்மணி, தேநீரைக்கூடக் குறிப்பெடுப்பவர் போல இருந்தார். ரெக் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். இடது கால் என்றார். பிறகு கேட்காமலே, "பெரிய துரை புண்ணியத்துல நடந்தோம்" என்று சேர்த்தார். ரூபர்ட்டின் வக்கீல் அதைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். மன்றத்தில் நாற்காலிகள் நெளிந்தன.

அடுத்து மேவிஸ். வக்கீல் மரியாதையானவர்.

"அம்மா, மே மாசம் முதல் தேதி பெரிய வீட்டு வாசல்ல பிள்ளைங்களுக்கு பன்னு குடுப்பாங்களாமே?"

"ஆமா. வரிசையா நிப்போம். முட்டிய மடக்கி வணங்கணும். 'நன்றி ஐயா'ன்னு சொல்லணும்."

"நீங்களும் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப அவர் தயவுக்கு நன்றி சொல்லியிருக்கீங்க."

"பன்னுக்குச் சொன்னேன். பன்னு அவரோடது."

சிரிப்பு எழுந்தது. மேவிஸ் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எட்டு வயசு. அந்த வருஷம் முள்ளு கிழிச்சு முட்டியில புண்ணு. மடக்க முடியல. நின்னேன். பெரிய துரை பாத்தாரு, பன்ன அடுத்த பிள்ளைக்குக் குடுத்தாரு. அப்பா அவங்க மாடு பாத்தவரு, நாங்க இருந்த வீடும் அவங்களோடது. சனிக்கிழமை அவங்க காரியஸ்தர் வந்து, வீடு வேற மாட்டுக்காரனுக்கு வேணும்னாரு. அப்பாவுக்கு வேலையும் போச்சு. அஞ்சு பேரும் அத்தை வீட்டு ஒத்த ரூமுக்குப் போனோம். 'உன் முட்டிதான் காரணம்னு யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு'ன்னாரு அப்பா. இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

எங்கள் ஊர் வரலாறு என்று தேவாலயத்தில் விற்கும் புத்தகத்தில் அந்த மே மாத விழாவுக்கு இரண்டு பக்கங்கள், ஒரு படம். வரிசையில் மடங்கிய முட்டிகள் மட்டுமே இருக்கின்றன.

"அதுக்கும் பாதைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் வக்கீல், மெதுவாக.

"திங்கக்கெழமை பள்ளிக்கூடம் இருந்துச்சே! அத்தை வீடும் சந்துக்கு இந்தப் பக்கம்தான். அதே வழியிலதான் போனேன். வீட்டவிட்டுத் தொரத்துன பிள்ளைக்கு யார் ஐயா அனுமதி குடுத்திருப்பா? பகல்ல, அவர் ஜன்னலுக்கு நேரா போனேன். பதினாலு வயசு வரைக்கும். எடது கால் நனைஞ்சுது."

அதிகாரியின் பேனா வெகுநேரம் ஓடியது. ரெக் தன் மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, "அம்மா, நான் சொன்னதுல 'புண்ணியத்துல'ங்கறத அடிச்சிருங்க" என்றார். "அவர் ஒருநாளும் வாயத் தொறந்து சொல்லல. தலையாட்டுனாரு, அவ்வளவுதான்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. விசாரணைக்கு மறுநாள் காலை அதிகாரி இடத்தைப் பார்வையிட வந்தார்; மேவிஸும் சந்து வாசலில் நின்றார். ரூபர்ட் சாவியோடு வந்து பூட்டைக் கழற்றினார். அதிகாரியும் வக்கீலும் உள்ளே போனார்கள். பழக்கப்பட்ட மரியாதையோடு ரூபர்ட் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா" என்றார்.

மேவிஸ் நகரவில்லை. ரூபர்ட் புன்னகைத்தார். பிறகு புன்னகை தேய்ந்தது. பிடித்த கை வலித்திருக்க வேண்டும், விட்டார். கதவு தானாகச் சென்று டக்கென்று சாத்திக்கொண்டது. நாய்க்கும் நன்றி சொல்லும் மேவிஸ், வாயைத் திறக்காமல் முன்னே வந்து, தாழ்ப்பாளைத் தன் கையால் தூக்கி உள்ளே போனார்.