அணைக்கக் கூடாத போர்டு

எங்கள் தொழிலில் பாதி நேரம் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மீதி நேரம், ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று மற்றவர்களுக்கு விளக்குவது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி அணைத்துப் போட்டு, கடைசியில் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி அறை. அதுவரை மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த வேலுச்சாமி அண்ணனுக்கு, நூல் மில்களுக்கு எலக்ட்ரானிக் மீட்டர் செய்து விற்கலாம் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. பெங்களூரிலிருந்து சின்னத் திரை வைத்த ஒரு சர்க்யூட் போர்டை வரவழைத்தார். அதை ஓட்டிக் காட்ட என்னை வேலைக்கு வைத்தார். எந்த மிஷின் எவ்வளவு நூல் சுற்றியது என்று மேனேஜரின் மேசையிலேயே காட்ட வேண்டும், அவ்வளவுதான். நத்தம் ரோட்டில் ஒரு மில்லுக்குக் கொண்டுவந்து காட்டுகிறோம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

ஹெட்மாஸ்டரான என் அப்பா வேறொரு வாக்குக் கொடுத்திருந்தார். மில் ஆர்டர் கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் நான் ஒரு கான்வென்ட் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வரிசையாகப் பிள்ளைகளை நிற்கவைத்து மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது

போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும், அது தன் சிப்பில் எழுதிவைத்திருக்கிற புரோகிராம் மூட்டையைப் படித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். அந்த மூட்டைக்கு எங்கள் பாஷையில் இமேஜ் என்று பெயர். எங்கள் போர்டு அதைப் படிக்கவே இல்லை. திரை கறுப்பாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

நான்கு நாள் மல்லுக்கட்டினேன். இமேஜைத் திரும்பத் திரும்ப எழுதினேன். எழுதும்போது சரி என்று சொல்லும். அணைத்துப் போட்டால் எதுவும் நடக்காதது மாதிரி இருக்கும். ஐந்தாம் நாள் அண்ணன் டீயோடு வந்து எட்டிப் பார்த்தார். “எந்திரிக்கலண்ணே” என்றேன், அழாத குறையாக. அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“லைட்டு எரியிதுல்லம்மா ஜெசி, அப்புறம் என்ன சீக்கு அதுக்கு?”

எஸ்.டி.டி. பூத் ஆலோசனை

போர்டு விற்ற பெங்களூர்க்காரரிடம் பேச, தெருமுனை பூத்துக்குப் போவேன். பூத்தை நடத்திய ராணி அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். மூன்றாம் நாள் நான் உள்ளே நுழையும்போதே, “இன்னைக்காச்சும் எந்திரிச்சுச்சா?” என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் பெங்களூர்க்காரர் தீர்ப்புச் சொன்னார். போர்டின் சிப் செத்துவிட்டது. அதில் இனி எதுவும் தங்காது. புதுப் போர்டு வர மூன்று வாரம். அதுவரை ஒரே வழி, கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக இமேஜைப் போர்டின் தற்காலிக நினைவில் ஏற்றுவது. நாற்பது நிமிஷம் பிடிக்கும். மூன்று தடவைக்கு ஒரு தடவைதான் முழுசாக ஏறும். ஏறிவிட்டால் ஜோராக ஓடும். ஆனால் ஒரு நொடி கரண்ட் போனாலும் எல்லாம் மறந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மில்லில் இருக்க வேண்டும். மேனேஜர் கொடுத்திருந்தது பத்து நிமிஷம். அங்கே போய் ஏற்றுவது நடக்காத காரியம். இங்கேயே ஏற்றி, ஓடுகிற போர்டை ஓடவிட்டபடியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். விவரம் கேட்ட ராணி அக்காவுக்கு மட்டும் இதில் எந்த ஆச்சரியமும் இல்லை:

“எங்க வீட்டுக்காரரும் அம்புட்டுத்தான், ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சாருன்னா சொன்னது அத்தனையும் மறந்துரும். நீ அதத் தூங்க விடாத.”

பத்து இருபத்தொன்பது

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். முதல் தடவை பாதியில் நின்றது. இரண்டாவது தடவை நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. எண்பது சதவீதம், தொண்ணூறு சதவீதம். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். தொண்ணூற்றாறில் வேலுச்சாமி அண்ணன் உள்ளே வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சுவிட்சை அணைத்தார்.

நான் போட்ட சத்தம் கீழே சைக்கிள் கடை வரை கேட்டதாம். முதலாளி என்றும் பார்க்கவில்லை, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மனிதர் கொஞ்சமும் கோபப்படாமல் காலண்டரைக் கழற்றி என் முன்னால் வைத்து, பொறுமையாக விளக்கினார்:

“பத்தரைக்கு ராகு காலம் பொறக்குதும்மா. அந்த நேரத்துல கண்ணு முழிச்சா வெளங்குமா? பன்னெண்டுக்கு மேல எந்திரிக்கட்டும்.”

நத்தம் பஸ்

பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஆரம்பித்து, தெய்வாதீனமாக ஒரே தடவையில் ஏறியது. திரையில் எண்கள் ஓடின. அண்ணன் தன் பழைய காரின் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்தார். ஒரு நொடிகூட விடாமல் போர்டை அதற்கு மாற்றினார். காயில் கட்டிய கை, குறை சொல்லவே முடியாது. இனி காரில் ஏறிக் கிளம்ப வேண்டியதுதான் என்று படியிறங்கினோம். பேட்டரி இல்லாமல் கார் எப்படிக் கிளம்பும் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால் அந்த இழுப்பில் போர்டு அணைந்துவிடும்.

பஸ்ஸில் போனோம். முன்வாசல் பக்கம் பேட்டரி, அதற்குக் காவலாக அண்ணன். முதல் சீட்டில் நான், மடியில் ஓடுகிற போர்டு. நடுவில் ஒரு முழ வயர். அணைத்தால் போச்சு என்ற செய்தி கடைசி சீட் வரை போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புளிக்கூடைக்கார அம்மா நான் வயரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, “செத்த நேரம் கைய ஆத்திக்க தாயி, வயர நான் புடிச்சுக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாணார்பட்டியில் பஸ் நின்றதும், அதுவரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்த கண்டக்டர் பேட்டரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்:

“எறங்குறவங்க எல்லாம் பின்வாசலுக்குப் போங்கப்பா! முன்னாடி ஒருத்தன் வயரத் தாண்டுனான், கொன்னுபுடுவேன்!”

நிறுத்திக் காட்டுங்க

மூன்று மணிக்கு மேனேஜரின் மேசைமேல், ஒரு மிஷினிலிருந்து இழுத்த வயரோடு போர்டு ஓடியது. அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எண்களைப் பார்த்தார், உள்ளே ஆளனுப்பி மிஷினோடு ஒத்துப் பார்த்தார், தலையாட்டினார். “நல்லாத்தானுங்க இருக்குது. இப்ப ஒருக்கா நிறுத்திப் போட்டுக் காட்டுங்க அம்மிணி.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பேட்டரி, வயர், ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. சிப் செத்தது, கேபிள், பஸ், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்காது சார், புதுசு வர மூன்று வாரம் ஆகும் என்றேன். ஜூன் மாதம் கண்முன்னால் வந்து நின்றது. பக்கத்துக் கூடத்தில் மிஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை அன்று சாயந்திரமே அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன்; பள்ளிக்கூடப் பேச்சை அப்பா அதற்கப்புறம் எடுக்கவில்லை.

“நிறுத்துனா மறுபடி கெளம்பாதுங்களா? எங்க மில்லுல பாதி மிசினு அப்படித்தானுங்க அம்மிணி, அதுக்குத்தான் நாங்க தீவாளிக்கு மட்டும் நிறுத்துறமுங்க. இது இங்கயே ஓடட்டும், நீங்க புதுசுக பத்து செஞ்சு எடுத்துட்டு வாங்க.”

அதற்குப் பிறகு எத்தனையோ போர்டுகளை எழுப்பிவிட்டேன், ஆனால் எனக்குப் பிழைப்பைக் கொடுத்தது எழுந்திருக்கவே தெரியாத அந்த ஒன்றுதான்.