பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்: மூன்று சர்வரும் ஒரு வளைகாப்பும்

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மூன்று கிளைகள். மூன்றிலும் சர்வரை நிறுவியவள் ஸ்டெல்லா. எதில் என்ன மென்பொருள், எந்தக் கருவிக்கு எந்த முகவரி, எல்லாம் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அடுத்த வாரம் பிரசவ விடுப்பு. போன சனிக்கிழமை வளைகாப்பு. அதற்குள் எல்லாவற்றையும் கோப்பாக்கிவிட அன்று காலையே கிளம்பினேன். இப்படி கிளை கிளையாகச் சுற்றப்போகிறவர்களுக்கு இந்தப் பதிவு.

காலை 7.10க்கு முகப்பேரில் பேருந்து. மதுரவாயலில் மாறி 8.15க்கு பூந்தமல்லி. நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல், சர்வரை ஒவ்வொன்றாகக் கேட்டு, பெயர், அதற்கு நேரே மதிப்பு என்று ஒரு உரைக்கோப்பில் வரிசையாக எழுதிக்கொள்ளும். நாலே நிமிடம்.

"இன்னா சார், டீ சொல்றதுக்குள்ள முடிச்சிட்டீங்க?" என்றார் வரவேற்பில் இருக்கும் ரேவதி அக்கா.

ஆவடிக்குப் பேருந்தில் பத்து கிலோமீட்டர். அங்கிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். 11.40க்கு மூன்று கோப்பும் கையில். ஒரு பாட்டு முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

12.20க்கு ரேவதி அக்காவின் போன். "சார், கரெண்ட் போயி வந்துச்சு. பொட்டி ஆன் ஆவல, டொக்கு டொக்குன்னு சத்தம் மட்டும் வருது. இங்க ஒரு அம்மா அயுதுகினு நிக்கிறாங்க. அவங்க வூட்டுக்காரருக்கு நாளைக்கி காலைல ஆபரேசன். இன்னிக்கே ரிப்போர்ட் வேணுமாம்."

சர்வரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நோயாளிகளின் தகவல்களுக்கு அம்பத்தூரில் நகல் உண்டு. ஆனால் சர்வரின் அமைப்புக்கு? காலையில் எடுத்த அந்த ஒரு கோப்புதான். விரல் தானாக ஸ்டெல்லாவின் எண்ணுக்குப் போனது. மேனாம்பேட்டில் அவளுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம். போனைப் பைக்குள் போட்டேன்.

அம்பத்தூரில் உபரியாக இருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு ஆட்டோ. அயப்பாக்கம், திருவேற்காடு வழியாக 350 ரூபாய்.

"பள்ளத்துல பாத்து விடுங்கண்ணே, உள்ள சர்வர்."

"நீ கம்முனு குந்து நைனா. கொயந்தைய தூக்கினு போறாப்ல போறேன்."

சொன்னபடியே கொண்டுவிட்டார். 1.45க்கு கோப்பை இன்னொரு ஸ்கிரிப்டிடம் கொடுத்தேன். அது ஒவ்வொரு வரியாகப் படித்து நிறுவிக்கொண்டே போனது. நோயாளிகளின் தகவல்களை அம்பத்தூர் நகலிலிருந்து இறக்கினேன். 2.50க்கு ரிப்போர்ட் திரையில் வந்தது. அச்சுதான் வரவில்லை. கோப்பை மூன்று முறை பார்த்தேன், எல்லாம் சரி.

"நவுருங்க சார்" என்று ரேவதி அக்கா சரியாக மூடாத பிரிண்டர் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு மாட்டினார். காகிதம் வந்தது! எந்த ஸ்கிரிப்டும் அதைக் கண்டுபிடித்திருக்காது. அந்த அம்மா என் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, பேருந்துக்கு ஓடினார்.

5.30க்கு மேனாம்பேடு. கை நிறைய வளையலோடு ஸ்டெல்லா கேட்டாள்: "இன்னாடா, ஒரு போன்கூட காணோம்? பயந்துகினே இருந்தேன்."

நடந்ததைச் சொன்னேன். தன்னைக் கேட்காமலே முடிந்ததில் கொஞ்சம் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "அப்பாடா!" என்று சாய்ந்து உட்கார்ந்தாள். "மூணு வருசமா சினிமாவுக்குப் போனாக்கூட போனை மடியில வெச்சிகினுதான் பாத்தேன், தெரியுமா?" எனக்குத் தெரியாது. தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் அவளே எடுத்துவைத்தாள்.

கிளம்புகிறவர்களுக்கு: கோப்பை அதே கணினியில் மட்டும் வைக்காதீர்கள். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு வரி விட்டு, அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டு நிரப்புங்கள். எல்லாம் தெரிந்த ஒருவர் உங்கள் அலுவலகத்தில் விடுப்பே எடுக்காமல் இருக்கிறாரா? நாளைக்கே கிளம்புங்கள்.