மொட்டைக்கு முன்னால் கத்தி படக்கூடாது என்றேன்

என் மகன் பிறந்த மறுநாள் மருத்துவர் சொன்னார்: சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லை, சற்றுக் கீழே இருக்கிறது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்தால் சரியாகிவிடும். ஏன் என்று கேட்டேன். கருவில் அந்த உறுப்பு உருவாகும்போது ஹார்மோன் சரியாக வேலை செய்யாமல் போகலாம், பரம்பரையாகவும் வரலாம், பல நேரம் காரணமே தெரியாது என்றார்.

என் காதில் ஹார்மோன் மட்டும்தான் விழுந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் உதிரம் பட்டபோது, கரு தங்குவதற்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவள் நான்.

அதைச் சொன்னதும், "மாத்திரைதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் மருத்துவர். நான் நம்பவில்லை.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டருகே முருகன் கோயில். செவ்வாய்தோறும் போய் நின்றேன். குழந்தையைச் சரியாக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. "நான்தான் காரணமா? சொல்லிடு" என்றே கேட்டு அழுதேன்.

அறுவையைத் தள்ளிப்போட்டேன். குலதெய்வத்துக்கு முடி இறக்குமுன் கத்தி படக்கூடாது என்று மாமியார் முடிவெட்டுவதைப் பற்றிச் சொன்னதை, இதற்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் சண்டை போட்டு ஓய்ந்தார். மொட்டையையும் நானே தள்ளினேன். முடி இறக்கியதும் எல்லார் முன்னாலும் குளிப்பாட்டுவார்களே! நீலசந்திராவிலிருந்து மாமனார், மாமியார் வந்தால்கூட டயப்பரைக் கழற்ற விடாதவள் நான்.

மூன்று வயதில்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். மொட்டை முடிந்தது. குழாயடியில் அவன் டிரவுசரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பூர்ணிமா, பொம்பளப் புள்ளையா இவன்? அவுத்து விடு!" நாத்தனார் சிரித்தார்.

மாமனார் எழுந்து வந்தார். "குடும்மா, நான் ஊத்தறேன்" என்று அவனைச் சுவருக்குப் பின்னால் தூக்கிப் போனார். துண்டில் சுற்றிக்கொண்டு திரும்பியபோது அவர் முகம் மாறியிருந்தது. என்னைத் தனியாக அழைத்தார்.

"எனக்கும் இப்படித்தாம்மா. இன்னிவரைக்கும் உக்காந்துதான் போறேன். பெத்த புள்ளைங்ககிட்டகூட சொன்னதில்ல."

நான் கேட்ட கேள்விக்கு முருகன் பதில் சொல்லிவிட்டான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் பரம்பரை என்ற அந்தச் சொல்லை மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "உங்க வீட்ல யாருக்காவது உண்டா மாமா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் வெட்கத்தில் மறைத்தார், நான் பயத்தில் மறைத்தேன். நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டான்.

ஊர் திரும்பியதும் அறுவைக்கு நாள் வாங்கினோம். கைக்குழந்தையாய் இருக்கையில் செய்திருந்தால் அவனுக்கு நினைவே இருந்திருக்காது. இப்போது எல்லாம் தெரிகிறது. அறுவை முடிந்து, சிறுநீர்க் குழாய் பொருத்திக் கிடந்தவன், "நீதான அவங்க கிட்ட என்னைக் குடுத்த?" என்று கேட்டான்.

குழாயை எடுத்த பிறகு மாமனார்தான் அவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போனார். உள்ளிருந்து குரல் கேட்டது: "தாத்தா, நேரா போவுது பாரு! நீயும் போ!"

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முருகா, அந்த ஒரு நிமிடத்துக்கு நான் ஆயுள் முழுக்க உனக்கு நன்றி சொல்வேன்.

இப்போது நான் எதையும் மறைப்பதில்லை. நாத்தனாரிடமும் சொல்லிவிட்டேன். சகோதரிகளே, முருகனை நம்பிக் கேளுங்கள், நிச்சயம் பதில் தருவான். அது மருத்துவர் வாயிலிருந்து வந்தாலும் அவன் பதில்தான். என்னைப் போல் அதைக் காக்க வைக்காதீர்கள். அந்த ஆஸ்பத்திரித் தெருவில் ஆட்டோ திரும்பினால் என் மகன் இன்றும் என் கையை உதறிவிட்டுத் தாத்தா மடிக்குத் தாவுகிறான்.