பாஸ் செல்லாத பஸ்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய் வந்தேன்.

ஓசூர்க்காரன் பெங்களூர் போவதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். இங்கே நின்று தும்மினால் கர்நாடகத்தில் விழும். ஆனால் அந்த ஊருக்குள் கால் வைத்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிடும். ஒரு காபி விலைக்கு எங்கள் கம்பெனி கேன்டீனில் நாலு பேர் வயிறார டிபன் சாப்பிடலாம். வண்டியை நிறுத்தினால் காசு. தண்ணீர் குடித்தால் காசு. யாருக்காக நடத்துகிறார்கள் அந்த ஊரை?

அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி வரை போவேன். செக்போஸ்ட்டை நடந்தே கடப்பேன். அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் அவர்களுடைய சிட்டி பஸ் நிற்கும். அதில் ஒரு நாள் பாஸ் வாங்கிவிட்டால் போதும்... அன்றைக்கு முழுக்க எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். நேர் பஸ்ஸில் போவதைவிட மிச்சம். எவ்வளவு மிச்சம்? ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை. சிரிக்காதீர்கள். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் போகிறோம். நான்தான் பத்திரிகையில் எழுதி மாட்டிக்கொள்கிறேன்.

இந்த முறை போனது ஊர் சுற்ற அல்ல. என் ஒரே தங்கை கலா, ராஜாஜி நகரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கம்பெனியில் லே-ஆஃப் விட்ட சமயம் சீர் செய்ய என் கையில் ஒன்றுமில்லை என்று ஒரு தடவை தள்ளிப்போட்டாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று இன்னொரு தடவை. "மூணாவது தடவையும் வரலைன்னா சித்தப்பன் மடியில வெச்சுக் குத்திருவோம்" என்று அவள் மாமியார் சொல்லிவிட்டார். குழந்தையின் சித்தப்பா அதே வீட்டில்தான் இருக்கிறார். சாஃப்ட்வேர் கம்பெனி. மடி எப்போதும் தயார்.

முகூர்த்தம் பத்தரைக்கு மேல். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் முடிக்க வேண்டும்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது நேர் பஸ்ல போலாங்க" என்றாள் என் மனைவி சாந்தி. கையில் சீர்த் தட்டு, பையில் பொட்டுத் தோடு, பட்டுப்பாவாடை, வெற்றிலை பாக்கு, பழம்.

"ஆறரைக்கே கெளம்பறோம். அப்புறம் என்ன அவசரம்?" என்று கத்தினேன். நான் சாதாரணமாகப் பேசினாலே அப்படித்தான் கேட்கும்.

செக்போஸ்ட்டை நடந்து கடந்தோம். லாரிகள் வரிசை கட்டி நின்றன. தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே சீர் கொண்டுபோன தாய்மாமன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அத்திப்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் குறைவு. வந்த பஸ் பாதி வழியில் இருக்கும் சில்க் போர்டு வரைக்கும்தான். "பரவால்ல, பாஸ் இருக்குது, மாறிக்கலாம்" என்று ஏறினேன். ஓசூர் ரோடு முழுக்க மேம்பாலம் கட்டுகிறேன் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. சில்க் போர்டில் இறங்கும்போது மணி ஒன்பதே முக்கால்.

அங்கேதான் சனி பிடித்தது. ஒரு கண்ணாடி பஸ் வந்தது... ஏ.சி. போட்டு, பாதி காலியாக, மெஜஸ்டிக் என்று போர்டு வைத்து. சாந்தி ஏறியேவிட்டாள். நானும் பின்னாலேயே ஏறி இரண்டு பாஸையும் நீட்டினேன்.

"பாஸ் நடெயல்லா... இளீரி!" என்றார் கண்டக்டர். சாதா பஸ் பாஸ் இதில் செல்லாது, இறங்குங்கள் என்று அர்த்தம்.

டிக்கெட் வாங்கினால் முடிந்தது. வாங்கினேனா? பாஸுக்குக் காசு கொடுத்தாயிற்று. அதே ரோட்டுக்கு இன்னொரு தடவை கொடுக்க நான் என்ன கேனையனா? இறங்கினேன். சாந்தியையும் இறக்கினேன்.

அடுத்ததும் கண்ணாடி பஸ். விட்டேன். அதற்கடுத்ததும். விட்டேன். சாந்தி மூன்றாவது பஸ் வரைக்கும் பேசினாள். நாலாவதுக்குப் பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாணமான எல்லோருக்கும் தெரியும், எது ஆபத்து என்று.

பாஸ் செல்லுகிற பஸ் வந்து, மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி பதினொன்று பத்து.

"ராஜாஜி நகர் பஸ் எந்தப் பிளாட்பாரம்னு கேட்டுட்டு வரேன்" என்றேன்.

"நீங்க பாஸ்ல வாங்க. நான் சீரை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல போறேன். புள்ளைய அத்தை என் மடியில வெச்சுக் குத்தட்டும்."

அப்படியே நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். ஆட்டோக்காரர் தமிழ்தான். கேட்ட கூலிக்கு எனக்குக் கோபம் வந்தது. பேரம் பேசினேன். நல்லாப் பேசினேன். பத்து ரூபாய் குறைத்தார். பத்து நிமிடம் போயிருந்தது.

"ஏண்ணா, இந்தத் தட்டையும் வெச்சுக்கிட்டு இவ்ளோ பேசறியே, காது குத்து உன் வூட்ல தானா?" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார்.

தங்கை வீட்டு மாடிப்படியில் கால் வைக்கும்போது குழந்தையின் அலறல் கேட்டது. சாந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"குத்திட்டாங்க" என்றாள்.

என் தங்கை இரண்டு தடவை தள்ளிப்போட்ட காரியம். நான் ஒரு வடைக்கு விற்றுவிட்டேன்.

ஹாலுக்குள் போனால், அங்கே வேறு காட்சி. பத்துப் பதினைந்து பேர் தரையில் குப்புறக் கிடந்து ஜமக்காளத்தைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சோஃபாவுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். சித்தப்பா மடியில் குழந்தை. இடது காதில் பெரிய கல் வைத்த தோடு. வலது காது சும்மா இருந்தது.

நான் வராததால் அவர்கள் வீட்டுத் தோட்டை வைத்துக் குத்த ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு காது முடிந்ததும் இன்னொரு தோட்டைக் காணோம்.

மாமியார்தான் முதலில் என்னைப் பார்த்தார். "வாங்க சம்பந்தி! துபாய்ல இருந்து எங்க மூத்தவன், புள்ளையோட பெரியப்பன், எட்டு மணிக்கே வந்துட்டான். ஓசூரு இன்னும் தூரமோ?"

எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சீர்த் தட்டைத்தான் நீட்டினேன்.

கலா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "தேடினது போதும், எந்திரிங்க. எங்கண்ணன் வந்துட்டாரு. அவர் கொண்டுவந்த தோடு இருக்குது" என்றாள்.

"ஒரு காதுல ஒண்ணு, இன்னொரு காதுல வேறயா?" என்றார் மாமியார்.

"எமகண்டம் வந்துரும் அத்தை."

மணி பதினொன்று ஐம்பது. குழந்தை என் மடிக்கு மாறியது. முகம் தெரியாத ஆள், உடம்பெல்லாம் வேர்வை, இன்னொரு காது வேறு போகப்போகிறது... விடுமா? என் கையைக் கடித்தது. ஆசாரி குத்தினார். அலறிக்கொண்டே என் புதுச் சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இடது காதில் சித்தப்பா வீட்டுக் கல் தோடு. வலது காதில் நான் கொண்டுபோன பொட்டுத் தோடு. போட்டோக்காரர் எந்தப் பக்கத்தில் இருந்து எடுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

சாப்பாட்டுக்குப் பின் கை கழுவப் போனேன். கலா பின்னாலேயே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்தாள். நுனியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தாள்.

உள்ளே அந்தக் கல் தோடு.

"எல்லாரும் இதைத்தானே தேடினாங்க!" என்றேன்.

"மெதுவாப் பேசுணா. உனக்கு மெதுவாவே பேச வராதா?" என்று வாயைப் பொத்தினாள். "புள்ள அழுத அழுகையில எல்லாரும் அங்க பாத்தாங்க. எடுத்து முடிஞ்சுக்கிட்டேன். ஒரு காது போனாப் போவுது, இன்னொண்ணாவது உன் மடியில இருக்கட்டும்னு."

"நான் வராமலே போயிருந்தா?"

"வராம எங்க போவ? நடந்தாவது வருவ." என் சட்டைப் பையைப் பார்த்தாள். பாஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டாள். "இதுக்காகத்தானா?"

இதுவரைக்கும் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் திட்டியிருக்கிறார், வாசகர்கள் கடிதம் போட்டே திட்டியிருக்கிறீர்கள். எதுவும் உறைத்ததில்லை. அந்தச் சிரிப்பு உறைத்தது.

திரும்பும்போது சாந்தி என்னைக் கேட்கவில்லை. கண்ணாடி பஸ்ஸுக்குக் கை காட்டினாள், ஏறினாள். நானும் ஏறினேன். நானே கேட்டு இரண்டு டிக்கெட் வாங்கினேன். கண்டக்டர் மீதியைக்கூடச் சரியாகக் கொடுத்தார். சாந்தி ஏ.சி. குளிரில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சில்க் போர்டில் எங்கள் பக்கத்தில் பாஸ் செல்லுகிற ஒரு சாதா பஸ் வந்து நின்றது. அத்திப்பள்ளி போர்டு. உள்ளே அத்தனை சீட்டும் காலி.

புத்தி திருந்திவிட்டது ஐயா. வயிறுதான் எரிந்தது.